விமானத்தின் அடிவயிறு

போர் விமானத்தைப் படமாக வரைய உட்காருகிறவருக்கு முதல் தொல்லை அதன் நிறம். கனடிய விமானப்படையின் சி.எஃப்-18 விமானத்துக்கு இரண்டே சாம்பல் நிறங்கள்தான். மேற்புறம் சற்று அடர்ந்தது, அடிப்புறம் வெளிறியது. அமெரிக்க அரசின் நிறப் பட்டியலில் அவற்றுக்கு எண்களே உண்டு: 35237, 36375. வானத்தில் கரைந்து கண்ணுக்குத் தப்ப வேண்டும் என்பதற்காகவே தேர்ந்த நிறங்கள் அவை. அப்படிப்பட்ட ஒன்றை நாலடிப் பலகையில், அலுவலக வரவேற்பறையில், வருகிறவர் போகிறவர் கண்ணையெல்லாம் இழுக்கும்படி வரைந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

பலகை வேலை தெரிந்தவருக்கு முன்வேலை எளிது. ஹார்ட்போர்டோ எம்.டி.எஃப். பலகையோ எடுத்து, விளிம்புகள் ஈரம் குடித்து உப்பாதபடி அடைத்து, இரண்டு மூன்று கை ஜெஸ்ஸோ பூசி, உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் தளம் தயார். புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, அந்தக் கட்டங்களைப் பலகையில் பெருக்கி, ஒவ்வொன்றாக நிரப்பிப் போகலாம். சென்னையில் சினிமா பேனர் வரைந்தவர்கள் நடிகர்களின் முகங்களை ஆளுயரத்துக்கு ஏற்றியது இந்த வழியில்தான். இறக்கையின் நேர்விளிம்புக்கு மாஸ்கிங் டேப் போதும். சாம்பலின் இழைவுக்கு ஏர்பிரஷ் இருந்தால் நல்லது.

சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது. நீல வானத்தில் சாம்பல் விமானத்தை வைத்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது ஒரு கறை. விமானத்தின் நிறத்தை மாற்ற முடியாது. விவரம் தெரிந்த பார்வையாளர் ஒருவராவது வந்து, இந்த ஸ்குவாட்ரனுக்கு இந்த நிறமே கிடையாது என்று சொல்லிவிடுவார். அதனால் வானத்தை மாற்றுகிறார்கள். பின்னால் ஒரு புயல்மேகம், பக்கவாட்டில் செம்மஞ்சள் வெயில், இறக்கைநுனியிலிருந்து வெள்ளையாய்ப் பிரியும் நீராவிக் கோடு. விமான ஓவியங்களில் மாலை வெயில் இவ்வளவு தாராளமாகக் கொட்டிக்கிடப்பதற்கு ரசனை பாதிக் காரணம், அந்தச் சாம்பல் நிறம் மீதிப் பாதி.

அடுத்த கேள்வி, பார்ப்பவரை எங்கே நிறுத்துவது என்பது. தரையில் நிறுத்தினால் அவருக்குத் தெரிவது ஒரு முக்கோணமும் இரைச்சலும் மட்டுமே. காக்பிட் தெரியாது, விமானி தெரியாது, வால் சிறகில் எழுதியிருக்கும் சின்னமும் தெரியாது. ஆகவே ஓவியர் அவரை ஐயாயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, விமானத்துக்குச் சற்று முன்னால், சற்று மேலே வைக்கிறார். உண்மையில் அந்த இடத்திலிருந்து அந்தக் காட்சியைப் பார்க்கக்கூடியவர் இன்னொரு விமானி மட்டுமே. சுவரில் மாட்டிய படத்தைக் காப்பிக் கோப்பையோடு நின்று பார்க்கிற கணக்காளர், தான் அறியாமலே ஒரு துணை விமானத்தின் இருக்கையில் அமர்த்தப்படுகிறார். பூமி அந்தப் படத்தில் எங்கோ கீழே, மேகத்துக்கு அடியில், பச்சையும் பழுப்புமான துண்டு நிலங்களாகக் கிடக்கிறது. இந்த வகைப் படங்களில் அரசியல் என்று ஒன்று இருந்தால் அது தேசக்கொடியில் இல்லை, இந்த இருக்கையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த இருக்கையைக் கணக்குப்போட்டு அமைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஓவியர் கீத் ஃபெரிஸ். பொறியாளர்களின் முப்புற வரைபடங்களிலிருந்து விமானத்தை எந்தக் கோணத்துக்கும் வடிவியல் முறையில் திருப்பி வரைவதில் அவர் பெயர் பெற்றவர். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தில் 1976இல் அவர் தீட்டிய பி-17 குண்டுவீச்சு விமானச் சுவரோவியம் 75 அடி நீளம், 25 அடி உயரம். ஆனால் அவருடைய கைவேலையில் உலகில் மிக அதிகமாகப் பறந்தது வேறொன்று. போர் விமானத்தின் அடிவயிற்றில், மூக்குக்குச் சற்றுப் பின்னால், காக்பிட் கண்ணாடி போலவே ஒரு கருநீள்வட்டத்தை வரைந்துவிட்டால், சண்டையில் எதிரி விமானி ஒரு கணம் தடுமாறுவான்: இது மேற்புறமா கீழ்ப்புறமா, என் பக்கம் திரும்புகிறதா விலகுகிறதா? அந்த ஒரு கணமே உயிரைக் காக்கும் என்று ஃபெரிஸ் வாதிட்டார். அதைத் தன் சி.எஃப்-18 விமானங்களில் முறையாகப் பூசிக்கொண்ட படை கனடாவுடையது. வானத்தைப் படமெழுதிக்கொண்டிருந்த ஒருவரின் தூரிகை விமானத்தின் மேலேயே ஏறிவிட்டது. அதுவும் யாரும் ஓவியத்தில் வரைய விரும்பாத பக்கத்தில்.

விமானமும் பலகையும் சந்தித்த பழைய இடம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்திலிருந்து பறந்த கனடியக் குண்டுவீச்சுப் படையினர் தங்கள் ஹாலிஃபாக்ஸ் விமானங்களின் மூக்கில் பெண்களையும் ஓநாய்களையும் கார்ட்டூன் உருவங்களையும் வரைந்துகொண்டார்கள். வரைந்தவர்கள் பெரும்பாலும் தரைப்பணியாளர்கள். 1945இல் விமானங்கள் உடைப்புக்குப் போனபோது சில மூக்குத் தகடுகளை மட்டும் அறுத்தெடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார்கள். ஒட்டாவாவின் கனடியப் போர் அருங்காட்சியகத்தில் அவை இன்று சுவரில் தொங்கும் படங்கள். படத்துக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாகச் சின்னக் குண்டுகள் வரைந்திருக்கும்; ஒரு பறப்புக்கு ஒரு குண்டு. திரும்பி வந்த இரவுகளின் கணக்கு அது. ஒவ்வொரு இரவும் ஏதோ ஒரு நகரத்தின்மேல் கழிந்தது. அந்த நகரத்தின் பெயர் தகட்டில் இருக்காது.

ரொறன்ரோ வட்டாரத்தில் இந்தச் சங்கதிகளெல்லாம் தூரத்துச் செய்திகள் அல்ல. மால்ட்டனில், இன்று பியர்சன் விமான நிலையம் இருக்கும் இடத்தில், விக்டரி ஏர்கிராஃப்ட் நிறுவனம் போர்க்காலத்தில் 430 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியது. போர் முடிந்ததும் அந்தத் தொழிற்சாலை ஏவ்ரோ கனடா ஆனது. 1950 ஜனவரியில் முதலில் பறந்த சி.எஃப்-100 அங்கே உருவானது. அதில் ஒன்று இன்றும் மால்ட்டன் பூங்கா ஒன்றில் தூண்மேல் நிற்கிறது. பிறகு ஏரோ என்ற போர் விமானம் வந்தது. டெல்டா இறக்கை, இரட்டை எஞ்சின், ஒலியைவிட இருமடங்கு வேகத்தை எட்டும் நோக்கம். 1957 அக்டோபர் 4 அன்று ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் தொழிற்சாலைக் கதவுகளைத் திறந்து அதை வெளியே இழுத்துவந்தார்கள். அதே நாளில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதால் மறுநாள் செய்திகளில் அது அமுங்கிப்போனது. 1958 மார்ச் 25 அன்று யான் சுராகோவ்ஸ்கி அதை முதன்முதலில் ஓட்டினார். 1959 பெப்ரவரி 20, ஒரு வெள்ளிக்கிழமை, பிரதமர் டீஃபன்பேக்கரின் அரசு திட்டத்தையே ரத்துசெய்தது. ஏவ்ரோ நிறுவனத்தில் மட்டும் ஏறத்தாழ 14,500 பேர் அன்றைக்கே வேலை இழந்தார்கள். பறந்த ஐந்து விமானங்களையும் கட்டிக்கொண்டிருந்தவற்றையும் தீச்சுடரால் வெட்டித் துண்டாக்கினார்கள். வரைபடங்களையும் அழித்தார்கள். ஆறாவது விமானத்தின் மூக்குப்பகுதி மட்டும் தப்பி, ஒட்டாவாவின் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இல்லாமற்போன விமானத்தைத்தான் மக்கள் விடாமல் வரைகிறார்கள். ஒன்ராறியோவில் அலுவலகச் சுவரில் ஒரு போர் விமானப் படம் தொங்கினால் அது ஏரோவாக இருக்க வாய்ப்பு அதிகம். டவுன்ஸ்வியூவில் தொண்டர்கள் பல ஆண்டுகள் உழைத்து முழு அளவு மாதிரி ஒன்றையே கட்டினார்கள். 2006இல் அது முடிந்தது. தேசிய மனக்குறை, அமெரிக்கா மீதான சந்தேகம், நாசாவுக்குப் போய் நிலாப் பயணத்தில் பங்கெடுத்த பொறியாளர்களின் கதை என்று இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஜிம் சேம்பர்லின், ஓவன் மேனார்ட் போன்றோர் போனது உண்மையே. என் கண்ணில் படும் காரணங்கள் இரண்டு, இரண்டுமே ஓவியம் சார்ந்தவை.

ஒன்று, ஏரோ வெள்ளை. சோதனை விமானம் என்பதால் அதை மறைக்க வேண்டிய தேவை இல்லை. கண்ணில் பட வேண்டும் என்றே வெள்ளை பூசி, அங்கங்கே ஒளிரும் சிவப்பும் தீட்டியிருந்தார்கள். நீல வானத்தில் அதை வைத்தால் மாலை வெயிலின் தயவு வேண்டாம். இரண்டாவது, ஏரோவுக்குக் கீழே எவரும் இருந்ததில்லை. துருவம் தாண்டி வரும் சோவியத் குண்டுவீச்சு விமானங்களை ஆகாயத்திலேயே மறிப்பதற்காக வடிவமைத்த விமானம் அது. அதுவும் ஒரு குண்டு, ஓர் ஏவுகணைகூட யார்மீதும் போடாமல் அழிந்தது. மற்ற எந்தப் போர் விமானத்தை வரைந்தாலும் கேள்வி ஒன்று பலகைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்: இது எங்கே போய்த் திரும்பியது? ஏரோவிடம் அந்தக் கேள்வி செல்லாது. குற்றம் செய்ய நேரமே கிடைக்காத ஆயுதம் அது. அலுவலகச் சுவருக்கு இதைவிடப் பத்திரமான போர் விமானம் கிடைக்காது.

அப்படியொரு அலுவலகச் சுவரை யூனியன்வில்லில் வைத்துப் பார்ப்போம். மார்க்கம் நகரின் பழைய கிராமம் அது. மெயின் ஸ்ட்ரீட்டின் இருபுறமும் மர வீடுகள், ஐஸ்கிரீம் கடைகள், வார இறுதியில் கூட்டம். அந்தத் தெருவில் 1997இல் திறந்த வார்லி ஓவியக் கூடம் இருக்கிறது. குரூப் ஆஃப் செவன் ஓவியர் ஃபிரடெரிக் வார்லி தன் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர் யூனியன்வில். கனடிய நிலக்காட்சி ஓவியர் என்றே பெரும்பாலோர் அவரை அறிவார்கள். முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில் அவர் அரசு அனுப்பிய போர் ஓவியராகப் பிரான்சுக்குப் போனவர். பீவர்புரூக் பிரபு ஏற்படுத்திய கனடியப் போர் நினைவு நிதி செலவை ஏற்றது. அந்தப் பயணத்திலிருந்து வார்லி கொண்டுவந்த பெரிய படத்தின் தலைப்பே ஒரு கேள்வி: எதற்காக? சேறு, தாழ்ந்த வானம், ஒரு வண்டி நிறையப் பிணங்கள், ஓரத்தில் குழி வெட்டிக் களைத்த ஆட்கள். வெற்றியைக் கொண்டாட ஏற்பாடு செய்த நிதி, கூலி கொடுத்து இதை வாங்கிக்கொண்டது. படம் ஒட்டாவாவில் இருக்கிறது. வரைந்தவர் யூனியன்வில்லில் வயதாகி, 1969இல் ரொறன்ரோவில் இறந்தார். போர்ப் படத்தில் பார்ப்பவரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை சேற்றுக்குள் என்பது.

அந்த மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் தென்கிழக்கே போனால் வன்னி அவெனியூ என்ற தெரு வரும். மார்க்கத்தில் தமிழர்கள் எவ்வளவு வேரூன்றிவிட்டார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1983க்குப் பின் அலையலையாக வந்த ஈழத்தமிழர்களில் ஏராளமானோர் ஸ்காபரோவில் தொடங்கி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வடக்கே மார்க்கத்துக்கு நகர்ந்தார்கள். நாட்டின் உயர்தொழில்நுட்பத் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் மார்க்கத்தின் அலுவலகங்களில் மென்பொருள் எழுதுகிறவர், சம்பளப் பட்டியல் போடுகிறவர், இரவில் தரை துடைக்கிறவர் எல்லோரிலும் அவர்கள் உண்டு. போர் விமானத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்காதவர்கள் இவர்கள்.

அவர்கள் அதைப் பார்த்தது கீழிருந்து; சரியாகச் சொன்னால், முதலில் கேட்டார்கள். மூவாயிரம் மீட்டர் தொலைவில் உள்ள ஜெட்டின் ஒலி நம்மை வந்தடைய ஒன்பது விநாடி ஆகிறது. அதற்குள் விமானம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். சத்தம் வருகிற திக்கில் தேடினால் விமானம் அங்கே இராது. எங்கே தேட வேண்டும் என்பதைப் பிள்ளைகள்கூடப் பழகியிருந்தார்கள். விமானங்களுக்குப் பெயர் வைத்ததும் காதால்தான்: இறங்கிக் குத்துகிற பொம்மர், பீப்பாய்களில் வெடிமருந்து அடைத்துக் கொட்டிய, மெதுவாக உழன்று வரும் சகடை, 1996க்குப் பின் கிபிர், பிறகு மிக், வேவு பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் ரீங்கரிக்கும் வண்டு. வளவுக்குள் வெட்டிய பங்கருக்குள் இறங்க எத்தனை விநாடி இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடும்.

1995 ஜூலை 9 அன்று நவாலியில், இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த புனித பீட்டர் தேவாலயத்தின்மேல் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் பள்ளி மாணவிகள் பலர் விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார்கள். விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் அது என்றது இலங்கை அரசு. நேரில் போன போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் யுனிசெஃபும் அதை ஏற்கவில்லை. இவை இரண்டும் பெயர் பெற்ற இடங்கள். பெயர் பெறாத இடங்களின் பட்டியல் நீளம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வுநூல் போர் அந்தச் சமூகத்தின் மனத்தில் விட்ட வடுக்களைப் பற்றியது. அத்தகைய வடுக்கள் குடிவரவு அலுவலகத்தில் கழற்றி வைத்துவிட்டு வருகிறவை அல்ல. தொழிலாளர் தின வார இறுதியில் ஒன்ராறியோ ஏரிக்கு மேலே விமானக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம், போர் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அந்த இரைச்சல் என்ன செய்கிறது என்ற விவாதம் ரொறன்ரோப் பத்திரிகைகளில் தலைகாட்டுவது அதனால்தான்.

இந்த இடத்தில் தொழில்நுட்ப வரலாறு ஒரு கொடுமையான முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது. கிபிர் என்பது பிரெஞ்சு மிராஜ் 5 விமானத்தின் உடலில் அமெரிக்க ஜே79 வகை எஞ்சினைப் பொருத்தி இஸ்ரேல் செய்தது. அந்த ஜே79 குடும்பத்து எஞ்சினை, கனடாவின் சி.எஃப்-104 விமானங்களுக்காக உரிமம் பெற்று மால்ட்டனில் கட்டியது ஒரெண்டா நிறுவனம். ஏரோவுக்காக இரோகுவா எஞ்சினை உருவாக்கிய அதே ஒரெண்டா. கிபிரில் இருந்தவை மால்ட்டன் எஞ்சின்கள் அல்ல. ஆனாலும் முல்லைத்தீவு வானத்தில் கேட்ட உறுமலுக்கு அண்ணன் தம்பி உறவில் ஒரு சத்தம் மால்ட்டன் சோதனைக் கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே கேட்டிருந்தது. அங்கே அது சம்பள நாளின் சத்தம்.

இன்னொன்று வடிவம். மிராஜ், கிபிர், ஏரோ மூன்றுமே டெல்டா இறக்கை விமானங்கள். பக்கவாட்டில் ஏரோ நீண்டு மெலிந்து, வேறெதையும் ஒத்திராத அழகோடு இருக்கும். நேர் கீழிருந்து, ஒரு நொடி மட்டும் பார்த்தால் மூன்றும் முக்கோணம். யார்மீதும் குண்டு போடாத அந்த வெள்ளை விமானத்தை ஓவியர் புதுமைக்காகக் கீழ்க்கோணத்தில் வரைந்து மார்க்கத்து அலுவலகமொன்றில் மாட்டினால், அங்கே ஒருவருக்காவது அது கிபிராகத் தெரியும். ஏரோ பத்திரமான படம் என்று சற்று முன் சொன்னதற்கு இந்த நிபந்தனை உண்டு.

கீழிருந்து பார்த்தவர் எல்லோருக்கும் எல்லா விமானமும் ஒன்றே என்று சொல்வதும் சரியாகாது. 1987 ஜூன் 4 அன்று இந்தியாவின் ஏ.என்-32 விமானங்கள் ஐந்து, மிராஜ் 2000 போர் விமானங்கள் காவலாக வர, முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப்பொதிகளைப் போட்டன. பூமாலை நடவடிக்கை என்று பெயர். அன்று அந்த முக்கோணங்கள் வரவேற்கப்பட்டன. நான்கு மாதத்தில், இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டதும், அந்த வரவேற்பு கசந்தது வேறு கதை. விமானத்தின் அடிவயிறு காட்டும் பொருள் அது எதைக் கீழே விடப்போகிறது என்பதைப் பொறுத்தது. அதை வரைபடத்தில் காட்ட முடியாது.

குழந்தைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அகதிகளான சிறுவர்களின் ஓவியங்களைத் தொகுத்து 1938இல் ஒரு நூல் வந்தது. ஆல்டஸ் ஹக்ஸ்லி முன்னுரை எழுதினார். அந்தப் படங்களில் விமானம் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றத்தில், தாளின் மேல்விளிம்பில். கீழ்விளிம்பில் வீடு, ஓடுகிற ஆட்கள். நடுவில் புள்ளி புள்ளியாக இறங்கும் குண்டுகள். தொழில்முறை ஓவியர் செய்யத் தயங்கும் ஒன்றை, அதாவது விமானத்தையும் அதன் கீழ் உள்ளவர்களையும் ஒரே அளவு அக்கறையோடு ஒரே தாளில் காட்டுவதை, அவர்கள் யோசிக்காமலே செய்தார்கள். யதார்த்த விகிதம் தெரியாததால் அவர்களுக்கு இது கைகூடியது என்று சொல்லலாம். தெரிந்திருந்தாலும் இப்படித்தான் வரைந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தெரிந்தே செய்தவர் ஒருவர் இருக்கிறார். ஜேம்ஸ் ரோசென்குவிஸ்ட் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் சாரத்தில் நின்று விளம்பரப் பலகை தீட்டிப் பிழைத்தவர். நம் பேனர் ஓவியர்களுக்குத் தொழில்முறையில் உறவு. 1964–65இல் அவர் எஃப்-111 என்ற போர் விமானத்தை 23 பகுதிகளில், துணியிலும் அலுமினியத்திலும், மூன்று மீட்டர் உயரமும் இருபத்தாறு மீட்டர் நீளமுமாகத் தீட்டி, லியோ காஸ்டெல்லியின் கூடத்தில் நாலு சுவரையும் சுற்றிவரும்படி மாட்டினார். அந்த அறையில் பின்னால் நகர்ந்து நின்று படத்தை முழுதாகப் பார்க்க இடமே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் விமானத்தின் ஒரு துண்டு. அதன் ஊடாகக் கார் டயர், மின்விளக்குகள், சேமியா போன்ற ஸ்பகெட்டி, முடி உலர்த்தும் கருவிக்குள் தலைகொடுத்துச் சிரிக்கும் சிறுமி, அணுகுண்டுப் புகையை மறைக்கும் கடற்கரைக் குடை. எல்லாம் விளம்பரப் பலகையின் பளபளப்பில். துண்டு துண்டாக விற்க வேண்டும் என்பது அவர் திட்டம். வாங்குகிறவர் ஒவ்வொருவரும் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் சதையைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ராபர்ட் ஸ்கல் முழுவதையும் வாங்கிவிட்டதால் அது நடக்கவில்லை. இன்று நியூயார்க்கின் நவீனக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படம் காட்சிக்கு வந்த 1965இல் அந்த விமானம் சோதனைப் பறப்பில்தான் இருந்தது. வியட்நாமுக்குப் போனது 1968இல். வேலைவாய்ப்பும் வரியும் சமையலறைச் சாமானும் ஆயுதமும் ஒரே பொருளாதாரத்தின் உறுப்புகள் என்பதை அந்த விமானம் போருக்குப் போகுமுன்பே ஒரு பெயின்டர் சுவரில் எழுதிவைத்தார்.

மேலாளர்களுக்கு ஜெட் ஏன் பிடிக்கிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. வேகம், துல்லியம், இம்மி பிசகாத அணிவகுப்பு. காலாண்டு இலக்கை எட்டப் பாடுபடும் ஒரு விற்பனைக் குழு தன்னை அப்படிக் கற்பனை செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அலுவலகச் சுவர் வீட்டுச் சுவர் மாதிரி இல்லை. அங்கே படத்தைத் தேர்ந்தவர் ஒருவர், எட்டு மணி நேரம் அதன் எதிரே உட்காரப் பணிக்கப்பட்டவர் இன்னொருவர். பிடிக்கவில்லை என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் சொல்லமாட்டார். எதற்காகப் பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு நவாலியிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலைத்தலத்துக்குப் பொருந்தும் விமான ஓவியத்துக்கு ரொறன்ரோவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. புனித பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து 1931இல் ரொறன்ரோவுக்கு வந்த பரஸ்கேவா கிளார்க்கிடம், இரண்டாம் உலகப்போரின்போது விமானப்படையின் பெண்கள் பிரிவை வரையும் பணி வந்தது. பாரசூட் மடிக்கிறவர்களைப் பற்றிய அவருடைய படத்தில் நீண்ட மேசைகள், வெண்பட்டாய் விரிந்த துணி, குனிந்து மடிப்பைச் சரிபார்க்கும் பெண்கள். ஹேங்கரில் பராமரிப்பு வேலை நடப்பதைக் காட்டும் படத்தில் விமானம் தரையில், கழற்றிய நிலையில் நிற்கிறது. வீரத்தைத் தேடுகிற கண்ணுக்கு இவை சப்பென்று இருக்கும். பார்ப்பவரை அவர் நிறுத்துவது பக்கத்து மேசையில், சக ஊழியராக. ஆகாயத்துக்குத் தூக்குவதுமில்லை, பங்கருக்குள் தள்ளுவதுமில்லை.

யூனியன்வில் அலுவலகமொன்று எப்படியும் ஒரு போர் விமானம் வேண்டும் என்று கேட்டால், நான் ஏரோவையே சொல்வேன். பறக்கிற ஏரோவை அல்ல, 1957 அக்டோபர் 4 அன்று தொழிற்சாலை வாசலில் நின்றதை. தரையில் நிற்பவரின் கண்மட்டத்திலிருந்து, நேர் பக்கவாட்டில், சுற்றிலும் ஆட்களோடு. தச்சுக் கணக்கும் இதற்குத் தோதாக இருக்கிறது. நாலடிப் பலகை 122 சென்டிமீட்டர். இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு விமானத்தை ஒரு மீட்டர் நீளத்துக்கு வரையலாம். உண்மையான ஏரோ 23.7 மீட்டர். அந்த விகிதத்தில், பக்கத்தில் நிற்கும் தொழிலாளி ஏழு சென்டிமீட்டர் உயரம் வருவார். தலை ஒரு சென்டிமீட்டர். அதே பலகையில் பறக்கும் சி.எஃப்-18ஐ அதே ஒரு மீட்டருக்கு வரைந்தால் விமானியின் தலைக்கவசம் இதைவிடச் சற்றுப் பெரிதாகவே வரும், ஆனால் அது முழுதும் கறுப்புக் கண்ணாடி. ஒரு சென்டிமீட்டர் தலையில் கண், மூக்கு, வெயிலுக்குச் சுருக்கிய நெற்றி எல்லாவற்றையும் சன்னத் தூரிகையால் எழுதிவிட முடியும். ஓவியர் அதற்கெனத் தனிக் கூலி கேட்பார், கொடுத்துவிடலாம்.